கைப்பேச்சுப் பள்ளியின் வரலாறு, முடிவு நீங்கலாக

1

ஒரு வாக்கியம் எழுத வராமல் போனதால் பிறந்த கதை இது. நான் படித்த கன்னியர் மடத்துப் பெண்கள் பள்ளிக்கு நூற்றாண்டு மலர் போடுகிறார்கள். தலைமை ஆசிரியையாக இருக்கும் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "பள்ளிக்கூடத்து வரலாற நீ எழுதிக் குடும்மா. சும்மா வள வளன்னு இல்லாம, கண்ணுல நிக்கற மாதிரி" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். தலையாட்டுவதில் என்ன செலவு.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதிய முதல் வாக்கியம்:

"இறையருளாலும் நல்லோர் முயற்சியாலும் எழும்பிய இப்பள்ளியானது—"

அடித்துவிட்டேன். அருளால் எழும்பிய கட்டடம் எதையும் நான் பார்த்ததில்லை. சூளையிலும் சாரத்தடியிலும் வளர்ந்த பிள்ளைக்குத் தெரிந்த கணக்கு வேறு. ஒரு சுவர் எழும்ப வேண்டுமென்றால் ஒருத்தி கல் சுமக்க வேண்டும்; சுமந்தவளுக்கு ராத்திரி கழுத்து திரும்பக் கூடாது.

இரண்டாவது வாக்கியம்:

"அறியாமை இருளில் மூழ்கிக் கிடந்த இப்பகுதி மக்கள்—"

இதையும் அடித்தேன். யார் மூழ்கிக் கிடந்தது? எங்கள் தெருவில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். அடுத்த வீட்டில் என்ன குழம்பு, ஏன் உப்பு கூட, எதற்குச் சண்டை, எல்லாம்.

மூன்றாவது:

"இது முதலில் தோல் கிடங்காக இருந்தது."

இதை அடிக்கவில்லை. நாற்றமடிக்கிற வாக்கியம் பொய்யாக இருக்காது என்று ஒரு நம்பிக்கை.

2

தோல் கிடங்கின் முன்பாதியில் வகுப்பு நடந்தது. பின்பாதியை இடித்துவிட்டுப் புதுக் கட்டடம் எழுப்பினார்கள். படிக்க வந்த முதல் பெண்களில் பாதிப்பேர் அந்தக் கட்டடத்துக்குக் கல்லும் கலவையும் சுமந்தவர்களின் மகள்கள். பிள்ளையை எங்கே விடுவது என்ற கவலைக்கு இதைவிட நல்ல தீர்வு கிடையாது: அம்மா சாரத்தில், மகள் பெஞ்சில், நடுவில் ஒரு ஜன்னல்.

பள்ளியின் முதல் மதர் போட்ட முதல் சட்டம் மௌனம். மணி அடித்துவிட்டால் தாழ்வாரத்திலோ மாடிப்படியிலோ கோயிலுக்குப் போகிற வழியிலோ ஒருத்தியும் வாயைத் திறக்கக்கூடாது. அந்தச் சட்டம் இன்றைக்கும் இருக்கிறது. "ஆன்மாவை ஒருமுகப்படுத்த" என்று பழைய மலர்களில் காரணம் போட்டிருக்கிறார்கள். என் ஊகம் வேறு. தோலை உப்பிட்டு அடுக்கி வைத்த இடம் அது. வாயைத் திறந்தால் நாற்றம் நாக்கில் வந்து உட்காரும். மதர் புத்திசாலி. மூடுங்கள் என்றார்.

வாயை மூடிய பெண்பிள்ளைகள் கையைத் திறந்தார்கள்.

கல் உடைக்கிற சத்தத்தில் சாரத்தின் மேலே நிற்கிற கொத்தனாருக்குக் கீழே இருப்பவள் என்ன கத்தினாலும் கேட்காது. அதனால் வேலையிடத்தில் எல்லாம் சைகைதான். வலது உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்தால், சட்டி நன்றாக உட்கார்ந்துவிட்டது, பயமில்லை என்று பொருள். வலது கையை முட்டி பிடித்துத் தாடைக்குக் கீழே வைத்தால், கழுத்து தாங்கவில்லை, நிறுத்து. இடது கையை விரித்தபடி இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய், மூடிக்கொண்டு முன்னால் எடுத்தால், நீ ஏறு, உன் பின்னால் நான் இருக்கிறேன். கலவைச் சட்டியோடு சாய்வுப் பலகையில் ஏறுகிற பெண்ணுக்கு இந்தக் கடைசிச் சைகை பெரிய தைரியம்.

ஜன்னல் வழியாக மகள்கள் இதைப் படித்தார்கள். வகுப்புக்குள் கொண்டுவந்தார்கள். உச்சந்தலையில் கை என்றால் தப்பித்தோம். தாடையில் முட்டி என்றால் மாட்டினோம். உன் பின்னால் நான் என்பது அப்படியே இருந்தது. அதை மாற்ற வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. அதன்மேல் தலைமுறை தலைமுறையாக மற்றதையெல்லாம் கட்டினார்கள்: பசி, வீட்டுப்பாடம், பொறாமை, டீச்சருக்குப் புதுச் செருப்பு. இதற்குக் கைப்பேச்சு என்று பெயர். வெளி ஆளுக்கு இதை வாயால் விளக்கக்கூடாது என்பது மட்டும் அதன் சட்டம்.

(நான் இப்போது விளக்குகிறேனே என்று கேட்காதீர்கள். வாயால் விளக்கவில்லை. எழுதுகிறேன்.)

(ஆதாரம் என்ன என்று கேட்கலாம். அலுவலக அறைச் சுவரில் முதல் வகுப்பின் புகைப்படம் தொங்குகிறது. பெஞ்சில் ஒரு வரிசை, பின்னால் நின்றுகொண்டு ஒரு வரிசை. அந்தக் காலத்துக் கேமராவுக்கு எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறார்கள். ஓரத்தில் நிற்கும் ஒருத்தியின் இடது கை மட்டும் கலங்கித் தெரிகிறது. அசைத்திருக்கிறாள். யாரிடமோ ஏதோ சொல்லியிருக்கிறாள். எனக்கு இந்த ஆதாரம் போதும். உங்களுக்குப் போதாதென்றால் மலரைப் படித்துக்கொள்ளுங்கள், அதில் ஆயர்களின் படம் நிறைய இருக்கும்.)

3

இனி கதையின் ஆளுக்கு வருகிறேன். சிஸ்டரும் இதே பள்ளியில் படித்தவர்தான். அந்தக் காலத்தில் கைப்பேச்சில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. மேல் மாடிக்கும் கீழ் முற்றத்துக்கும் நடுவே, ஒரு சத்தமில்லாமல், தோழியோடு முழுச் சண்டை போட்டு முழுச் சமாதானமும் ஆனவர். பிறகு மடத்தில் சேர்ந்தார். எங்கெங்கோ கணக்குச் சொல்லிக்கொடுத்தார். தலைமை ஆசிரியையாக இங்கேயே திரும்பி வந்தார்.

வந்த முதல் நாள் காலைக் கூட்டத்தில் மேடையில் நின்று பேசிக்கொண்டிருந்தார். நடு வரிசையில் ஒரு கை அசைந்தது. கண் தானாகப் படித்துவிட்டது.

'புதுசு நல்லாத்தான் பேசுது. எங்க நிறுத்தணும்னுதான் தெரியல.'

சிஸ்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் கைப்பேச்சு அன்றைக்கே செத்துப்போகும். தலைமை ஆசிரியைக்குத் தெரிந்த ரகசியத்தை எந்தப் பிள்ளை வைத்துக்கொண்டு கொஞ்சும்? ஆகவே இருமினார். நன்றாக, நெஞ்சு குலுங்க இருமினார்.

அன்று தொடங்கியது சிஸ்டரின் இருமல். பூசையில் பிரசங்கம் நீளும்போது வரும். ஆய்வாளர் வந்தால் வரும். பெற்றோர் கூட்டத்தில் வராமல் இருந்ததே இல்லை. கைப்பேச்சில் யாருக்கும் பெயர் கிடையாது, ஆளுக்கொரு அடையாளம்தான். சிஸ்டருக்கு, தொண்டையில் இரண்டு விரல். பள்ளியை விட்டுப் போகிற ஒவ்வொரு வகுப்பும் அவருக்கு இருமல் மருந்து வாங்கிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அலமாரியில் புத்தகத்துக்கு இடமில்லை. மடத்து மதர் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

"நெஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கு சிஸ்டர்" என்றார் டாக்டர்.

"அப்படித்தான் இருக்கும்" என்றார் சிஸ்டர்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். சட்டத்தைக் காக்க வேண்டியவர், சட்டம் மீறப்படுவதை வருஷக்கணக்காக ரசித்துக்கொண்டிருந்தார் என்றால் வாசகர் ஏற்பாரா? அவரிடமே கேட்டேன்.

"சட்டம் என்ன சொல்லுது? வாயத் திறக்காத. கையப் பத்தி எங்கயாவது இருக்கா?" என்றார்.

ஆனால் ஒன்று. அவர் படித்தாரே தவிர, திரும்பி வந்த நாளிலிருந்து ஒருமுறைகூடக் கையைத் தூக்கிப் பேசியதில்லை. கைகளை எப்போதும் அங்கியின் கைக்குள்ளேயே கோத்து வைத்துக்கொள்வார். பக்தி என்று எல்லாரும் நினைத்தார்கள். வெளியே விட்டால் பேசிவிடுமோ என்ற பயம் அது.

4

இறுதித் தேர்வு. கணக்குத் தாள். ரேடியோ என்று ஒரு பெண்.

(இந்தப் பகுதியை, "கதிரவன் தன் பொற்கதிர்களை" என்று தொடங்கி, நானே வெட்கப்பட்டு நிறுத்தினேன். வெயில் அடித்தது. அவ்வளவுதான்.)

ரேடியோ என்ற பெயர் ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. அவள் அப்பா லாரி ஓட்டுகிறவர். "ஹாரன் ரிப்பேரானா இவளத்தான் முன்னாடி உக்கார வெச்சுக்கணும்" என்பார். அவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: பரீட்சை பாஸானால் நர்ஸ் படிப்பு, இல்லையென்றால் பஞ்சாலை. அந்தப் பஞ்சாலை வாசல் எனக்குத் தெரியும். உள்ளே போகிற பிள்ளைகளுக்குப் பேச்சு குறைந்துபோகும். மெஷின் சத்தத்தில் பேசிப் பயனில்லை. ரேடியோவை அங்கே நிறுத்திப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் இந்தக் கதையில் நான் நடுநிலை இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அவளுடைய தோழிக்கு நத்தை என்று பெயர். யாராவது உரக்கப் பேசினாலே உள்ளே போய்விடுகிற பெண். நத்தை, ரேடியோவுக்கு இரண்டு பெஞ்ச் முன்னால், பக்கத்து வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். கூடுதல் தாள் வாங்க எழுந்து மேசைக்குப் போனாள். அப்போது ரேடியோவின் கண்ணில் பட்டது. நத்தையின் வெள்ளைப் பாவாடையின் பின்புறத்தில் மாதவிடாய்க் கறை. அவளுக்கே தெரியவில்லை.

தாளை வாங்கிக்கொண்டு திரும்பி வந்த நத்தையின் கண்ணை ரேடியோ பிடித்தாள். மூன்று சைகை. பாவாடை மடிப்பை இரண்டு விரலால் கிள்ளினாள்: பின்னால் கறை. உள்ளங்கையைக் கீழே அமுக்கினாள்: உட்கார், இனி எழுந்திருக்காதே. இடது கையை விரித்து இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய், மூடிக்கொண்டு எடுத்தாள்: முடிந்ததும் உன் பின்னால் நான் நடந்து வருகிறேன்.

நத்தை உட்கார்ந்தாள். காது வரை சிவந்தாள். எழுதத் தொடங்கினாள்.

இதை இரண்டு பேர் பார்த்தார்கள். தாழ்வாரத்து ஜன்னலுக்கு வெளியே நின்ற சிஸ்டர் ஒருவர். தேர்வுத் துறையிலிருந்து திடீர்ச் சோதனைக்கு வந்து கதவோரம் நின்ற அதிகாரி இன்னொருவர். ஒரு கை விரிந்தபடி முதுகுப் பக்கம் போகிறது, மூடியபடி திரும்பி வருகிறது. துண்டுச்சீட்டு என்று நினைக்காமல் அந்த மனிதர் வேறென்ன நினைப்பார்?

"எழுந்திரி. கையில என்ன?"

ரேடியோ கையை விரித்தாள். ஒன்றுமில்லை.

"யாருக்குக் குடுத்த?"

ரேடியோ நத்தையின் பக்கம் கண்ணைத் திருப்பாமல் கரும்பலகையையே பார்த்தாள்.

"முழுங்கிட்டியா? வாயத் திற."

திறந்தாள். அந்த வாய் திறந்தும் சத்தம் வராமல் இருந்தது அதுவே முதல் தடவை என்று வகுப்பே பின்னால் சொல்லிச் சிரித்தது. அந்த நிமிஷம் யாரும் சிரிக்கவில்லை.

5

அதிகாரியைப் பற்றி ஒரு நிமிஷம்.

முதல் வரைவில் அவருக்குச் சிவந்த கண்ணும் தடித்த மீசையும் வைத்தேன். படித்துப் பார்த்தால் தெருக்கூத்து அசுரன் மாதிரி இருந்தார். இரண்டாம் வரைவில் வீட்டில் மூன்று மகள்கள் இருப்பதாக எழுதினேன். அது இன்னும் மோசம். மகள்களைக் கொடுத்துவிட்டால் மனிதர் கண் கலங்கி விட்டுவிடுவார், நான் பேனாவை மூடிவைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். மகள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

கடைசியில் அவரிடம் மிஞ்சியது சிஸ்டர் சொன்னது மட்டும்: வயிற்றை விட்டு இறங்கிக்கொண்டே இருக்கிற பேன்ட், அதைப் பேச்சுக்குப் பேச்சு ஏற்றிவிடுகிற பழக்கம். மற்றபடி தன் வேலையைச் செய்ய வந்தவர். காப்பி அடித்தது உறுதி என்று அவர் எழுதிக் கொடுத்தால், ரேடியோ மூன்று வருஷம் எந்தப் பரீட்சையும் எழுத முடியாது. மூன்று வருஷத்தில் பஞ்சாலை அவளை நன்றாகப் பழக்கிவிடும்.

6

அலுவலக அறை. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, இந்தப் பக்கம் சிஸ்டர், சுவரோரம் ரேடியோ. கூடத்தில் மற்றப் பிள்ளைகள் இன்னும் எழுதிக்கொண்டிருந்ததால் எல்லாப் பேச்சும் தணிந்த குரலில்.

"சார், அவ யாருக்கும் எதையும் குடுக்கல. பேசினா."

"வாயே அசையல சிஸ்டர். நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"கையால பேசினா."

அதிகாரி பேன்ட்டை ஏற்றிக்கொண்டார். "என்னன்னு?"

ரேடியோ சிஸ்டரைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நத்தையின் மானம் ஒரு பக்கம். வெளி ஆளிடம் கைப்பேச்சை வாயால் விளக்கக்கூடாது என்ற சட்டம் இன்னொரு பக்கம். ரேடியோ மூன்று வருஷத்தை விடத் தயாராக இருந்தாள், சட்டத்தை விடத் தயாராக இல்லை. அதே சட்டத்தைத் தன் பள்ளிக் காலம் முழுக்கக் காத்தவர் சிஸ்டர். வாயைத் திறந்தால் இரண்டு துரோகம்: இவர்களுடைய ரகசியத்தை உடைப்பது ஒன்று, இத்தனை நாள் தான் திருட்டுத்தனமாகப் படித்துக்கொண்டிருந்ததைக் காட்டிக்கொடுப்பது ஒன்று.

திறந்தார்.

"கூட எழுதற பொண்ணுக்குப் பாவாடையில கறை. எழுந்திருக்காத, முடிஞ்சதும் உன் பின்னால நான் நடந்து வர்றேன்னு சொன்னா. வேற ஒண்ணுமில்ல."

"கறைன்னா, மசியா?"

"இல்ல சார். மாதவிடாய்."

அதிகாரி மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட்டை ரொம்பக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்.

"நான் நம்பறேன்னே வெச்சுக்குங்க" என்றார் அதனிடம். "மேல கேப்பாங்க. கை பேசிச்சுன்னு ரிப்போர்ட்ல எழுத முடியுமா?"

"அந்தப் பொண்ணக் கூப்பிட்டுத் திரும்பி நிக்கச் சொல்லிப் பாக்கறீங்களா?"

"ஐயோ, வேணாம் சிஸ்டர்."

"அப்ப இப்படிச் செய்யலாம். நீங்க ஒரு தாள்ல என்ன வேணா எழுதி இவகிட்டக் காட்டுங்க. நான் முற்றத்துல போய் நிக்கறேன். இவ ஜன்னல்லருந்து கையால சொல்லட்டும். நான் வந்து என்னன்னு சொல்றேன்."

ரேடியோவின் கண் இப்போது நன்றாக விரிந்திருந்தது. தலைமை ஆசிரியைக்கா? கைப்பேச்சா? இந்த இருமல் சிஸ்டருக்கா?

முற்றத்தின் நடுவில் மணி தொங்குகிற மரச்சட்டத்துக்குக் கீழே சிஸ்டர் போய் நின்றார். அதிகாரி யோசித்து யோசித்து ஒரு தாளில் எழுதினார். ரேடியோ படித்தாள். ஜன்னலில் வந்து நின்றாள். பிறகு அவள் கை பேசியதே, அதைப் பற்றிச் சொல்லும்போது சிஸ்டரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளையைப் பற்றிக்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை. வாசல் என்றாள், கதவு என்றாள். கதவு கத்துவதைத் தோளிலிருந்து விரல் நுனி வரை ஒரு நடுக்கமாக ஓடவிட்டுக் காட்டினாள்.

முடித்ததும் சும்மா இருக்கக்கூடாதா? ரேடியோ ஆயிற்றே. சொந்தச் சரக்கு ஒன்றைச் சேர்த்தாள்.

சிஸ்டருக்கு இருமல் வந்தது. மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணில் தண்ணீர் வர இருமினார்.

ஜன்னலில் ரேடியோவின் கை அப்படியே நின்றது. இருமலைப் பார்த்தாள். காலைக் கூட்டங்கள், பூசைகள், பெற்றோர் கூட்டங்கள், அலமாரி நிறைய மருந்து பாட்டில்கள், எல்லாம் ஒன்றாக அவள் மண்டைக்குள் வந்து இறங்கின. சின்னதாக ஒரு சைகை செய்தாள்.

'எல்லாத்தையுமா?'

சிஸ்டர் கையை மறுபடி அங்கிக்குள் விட்டுக்கொண்டு தலையை மட்டும் அசைத்தார். ஆமாம். எல்லாவற்றையும்.

7

"சார் வீட்டு வாசக்கதவு தினமும் கத்துது. எண்ணெ விடணும்னு நெனக்கறார், மறந்துபோறார்" என்றார் சிஸ்டர் அறைக்குள் வந்து.

அதிகாரி தாளைப் பார்த்தார். சிஸ்டரைப் பார்த்தார். தாளைத் திருப்பி அந்தப் பக்கமும் பார்த்தார்.

"இன்னும் ஏதோ சொல்லிச்சே இந்தப் பொண்ணு?"

"அது தேர்வு சம்பந்தப்பட்டதில்ல சார்."

(கன்னியாஸ்திரி பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். ரேடியோ சொன்னது இது: 'கதவு இருக்கட்டும், முதல்ல அந்த பெல்ட்டுல இன்னொரு ஓட்டை போடச் சொல்லுங்க.')

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். அவருக்கு உண்மையிலேயே பிரமிப்பு. "கதவு கத்தறதக்கூடச் சொல்ல முடியுது. அடேயப்பா." பேன்ட்டை ஏற்றினார். கை பாதியில் நின்றது. "சிஸ்டர்."

"சொல்லுங்க."

"கதவு கத்தறதச் சொல்ல முடியும்னா, விடையச் சொல்ல முடியாதா?"

சிஸ்டரும் ரேடியோவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுமாராகச் செய்திருக்க வேண்டும். கொஞ்சம் திணறியிருக்க வேண்டும், கதவை ஜன்னல் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர்களால் முடியவில்லை. அந்தப் பள்ளியில் படித்தவளுக்கு ஒரு கை கிடைத்து, எதிரில் படிக்க ஒரு கண்ணும் கிடைத்தால், அரைகுறையாகப் பேச வராது. நிரூபிக்கப் போய், இருவரும் சேர்ந்து கழுத்துக்குக் கயிறு முறுக்கிக் கொடுத்திருந்தார்கள்.

(எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். எழுதுகிற வேலையிலும் இதே ஆபத்து இருக்கிறது.)

சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முடியும் சார். விடையும் சொல்ல முடியும். இன்னிக்கு இவ சொல்லல. ஆனா அதுக்கு என் வார்த்தையத் தவிர உங்ககிட்ட வேற ஒண்ணும் கிடையாது."

"அதான் சிஸ்டர் எனக்கும் சிக்கல்."

"அப்ப ரிப்போர்ட்ல இதையும் எழுதிக்குங்க. இந்தப் பேச்சு இந்தப் பள்ளிக்கூடத்துல இருக்குன்னு தலைமை ஆசிரியைக்கு ஆரம்பத்துலருந்தே தெரியும். தெரிஞ்சும் நிறுத்தல. தேர்வுக் கூடத்துப் பொறுப்பு என்னுது. இவ பேர எழுதறதா இருந்தா, அதுக்கு மேல என் பேர எழுதுங்க."

"சிஸ்டர்" என்றாள் ரேடியோ. அறைக்குள் வந்ததிலிருந்து அவள் வாயால் சொன்ன முதல் சொல்.

"நீ வெளிய போய் மணிகிட்ட நில்லு. பேசாத."

"கையாலயா, வாயாலயா சிஸ்டர்?"

"ரெண்டாலயும்."

ரேடியோ போனாள். அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றினார்.

8

சிஸ்டர் இதை என்னிடம் சொன்னது ஆசிரியர் ஓய்வறையில், டீ ஆறிக்கொண்டிருக்கும்போது. "இத மலர்ல போட்டுடாத" என்றார். "கதையா எழுதிக்கட்டுமா?" என்றேன். "கதைன்னா யாரு நம்பப் போறா, எழுதிக்கோ" என்றார். பிறகு தொடர்ந்தார்: "அந்தாளு எழுதி முடிச்சுத் தாள என் பக்கம் தள்ளினாரு. படிச்சேன். படிச்சுட்டு வெளிய வந்தேன். மணிகிட்ட இவ நிக்கறா. கூடத்துல பிள்ளைங்க எழுதிக்கிட்டு இருக்கு, கூப்பிட முடியாது. அப்பத்தான் நான் முதல் தடவையா கைய—"

மணி அடித்தது. வாக்கியம் அங்கேயே நின்றது. மணி அடித்தால் அவர் வாயைத் திறக்க மாட்டார். டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் விட்ட இடத்திலிருந்து கேட்டேன். இருமினார்.

ஆகவே முடிவை நான்தான் செய்ய வேண்டியிருந்தது. மூன்று செய்து பார்த்தேன்.

முதல் முடிவு: நத்தை கூட்டிலிருந்து வெளியே வருகிறாள். அலுவலக அறைக்குள் நேரே நடந்து வந்து, "சார், இவ சொன்னது என்கிட்டத்தான், இதத்தான்" என்று திரும்பி நிற்கிறாள். கைதட்டல் வாங்குகிற முடிவு. ஆனால் எழுந்திருக்காதே என்று தோழி சொல்லியிருக்கிறாள், இவள் எழுந்திருக்காமல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். ரேடியோ அதற்காகத்தானே இவ்வளவும் பட்டாள்? நத்தையை எழுப்பிவிட்டுக் கைதட்டல் வாங்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் உட்கார்ந்தே இருக்கட்டும்.

இரண்டாம் முடிவு: ரேடியோ பஞ்சாலைக்குப் போகிறாள். மெஷின் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாத கூடத்தில் அத்தனை பெண்களுக்கும் கைப்பேச்சு கற்றுத்தருகிறாள். கொஞ்ச நாளில் மேஸ்திரியைப் பற்றி அவன் கண்ணெதிரிலேயே கூடமே பேசிச் சிரிக்கிறது. இதை எழுதும்போது சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். பிறகு அவள் நுரையீரலில் பஞ்சு போவதையும் எழுத வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. எழுதாவிட்டால் பொய். எழுதினால், இவ்வளவு நேரம் சிரித்த உங்களிடம் என்ன முகத்தோடு—

மூன்றாம் முடிவு: அதிகாரி எழுதிய தாளில், "சந்தேகத்தின் பேரில் விசாரித்ததில், வாசல் கதவுக்கு எண்ணெய் விட வேண்டும் என்பது தவிர வேறெதுவும் தெரியவரவில்லை" என்று இருக்கிறது. இதை எழுதிவிட்டு நானே இருமினேன். ஆனால் அரசாங்கத் தாளில் இப்படி எழுதுகிற அதிகாரி உலகத்தில் இருக்கிறார் என்று சூளையில் வளர்ந்தவளால் நம்ப முடியவில்லை. நம்ப ஆசையாக இருக்கிறது என்பது வேறு விஷயம்.

ரேடியோ இப்போது எங்கே இருக்கிறாள் என்று விசாரிக்க வேண்டியதுதானே என்பீர்கள். ஒரு போன் போதும். போடவில்லை. போட்டுவிட்டால் சிஸ்டரின் கை அந்தரத்தில் நிற்காது, கீழே இறங்கிவிடும். எனக்கு அது மேலேயே வேண்டும்.

9

முற்றம். வெயில். மணிச்சட்டத்துக்குக் கீழே ரேடியோ நிற்கிறாள். சொன்னபடியே பேசவில்லை; கைகள் இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டிருக்கிறாள். கூடத்துக்குள் பேனாக்கள் ஓடுகிற சத்தம். நத்தை ஜன்னலோரமாக உட்கார்ந்து எழுதுகிறாள்; எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறாள்.

அலுவலக அறைக் கதவு திறக்கிறது. சிஸ்டர் வெளியே வருகிறார். பின்னால் அதிகாரி, பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, பேன்ட்டை ஏற்றிக்கொண்டு.

சிஸ்டர் படியில் நிற்கிறார். அங்கிக்குள் கோத்திருந்த கைகளைப் பிரிக்கிறார். இத்தனை வருஷம் உள்ளேயே இருந்த கைகள்.

முதலில் இடது கை. விரிந்தபடி இடுப்புக்குப் பின்னால் போகிறது. மூடிக்கொண்டு முன்னால் வருகிறது.

இதை உங்களுக்கு நான் படித்துச் சொல்ல வேண்டியதில்லை. ரேடியோவும் படித்துவிட்டாள். அவள் கைகள் கக்கத்திலிருந்து நழுவித் தொங்குகின்றன.

அடுத்தது வலது கை. எழும்புகிறது. இடுப்பைத் தாண்டுகிறது, நெஞ்சில் தொங்கும் சிலுவையைத் தாண்டுகிறது. விரல்கள் இன்னும் முழுதாக விரியவும் இல்லை, முட்டியாக மூடவும் இல்லை. தாடைக்குக் கீழே நின்று மாட்டினோம் என்று சொல்லப்போகிறதா, தாண்டி உச்சந்தலைக்குப் போய்த் தப்பித்தோம் என்று சொல்லப்போகிறதா?

இனி என் கையில் இல்லை. உங்கள் வலது கை சும்மாதானே இருக்கிறது? தூக்குங்கள். யோசிக்காதீர்கள். ஜன்னலில் நத்தை பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்கும் தெரிகிற மாதிரி நன்றாகத் தூக்குங்கள்.